தெளிந்த நீரில் பிறந்த காய்ச்சல்

குனோங் லேடாங் மலையின் இளவரசியைப் பற்றிய கதையை மலாய் நாட்டில் கேளாதார் இலர். மலாக்காவில் 1488-ஆம் ஆண்டு அரியணை ஏறிய சுல்தான் மகமூது ஷா, அவளை மணக்க விரும்பித் தூது விடுத்தார். அவள் கேட்ட பரிசப் பொருள்களின் பட்டியல் 'செஜாரா மெலாயு' என்னும் பழைய வரலாற்று நூலில் உள்ளது. மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு பொற்பாலம், ஒரு வெள்ளிப்பாலம். ஏழு தட்டு நிறையக் கொசுவின் ஈரல், ஏழு தட்டு நிறையக் கிருமியின் ஈரல். ஒரு தாழிக் கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்கின் சாறு. இவற்றோடு சுல்தானின் குருதியில் ஒரு கிண்ணம், அவர் மகனின் குருதியில் ஒரு கிண்ணம். கதை சொல்வோர் பெரும்பாலும் இறுதியில் வரும் குருதியைப் பற்றியே பேசுவர். நாம் இங்கே கொசுவிடம் சற்று நிற்போம்.

கொசுவின் ஈரலைத் தட்டில் வைத்துத் தா என்பது, 'மாட்டேன்' என்பதை நயமாகச் சொல்லும் முறை. ஆகாத காரியத்திற்கு அதைவிடச் சிறந்த உவமை அக்காலப் புலவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நானூறு ஆண்டு கழிந்த பின், இதே நாட்டில், கொசுவை ஊசிமுனையால் பிளந்து, அதன் வயிற்றையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்பெருக்கியின் கீழ் ஆயிரக்கணக்கில் பார்த்தவர்கள் தோன்றினார்கள். அவர்கள் அதைச் செய்ய நேர்ந்ததற்குக் காரணம், இந்நாட்டின் மலைநீரில் வாழும் ஒரு சிற்றுயிரும், அந்நீரின் அருகே குடியமர்த்தப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளரும் ஆவர்.

மலைநீர் என்றால் நமக்கெல்லாம் தூய்மையின் நினைவே வரும். சுனை, அருவி, ஓடை என்று சொல்லும்போதே நெஞ்சு குளிர்கிறது. அந்த நீரில் என்னென்ன வாழ்கின்றன என்று நின்று பார்ப்பவர் அரியர். இந்நாட்டில் அப்படிப் பார்த்தவர்களின் வரலாற்றை லேடாங் மலையிலிருந்தே தொடங்கலாம்.

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலாக்கா எல்லையை ஒட்டி நிற்கும் இம்மலையின் உயரம் 1276 மீட்டர். ஐரோப்பியர் இதனை ஓஃபிர் மலை என்று எழுதினர். 1854-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆல்பிரட் ரசல் வாலேஸ் என்னும் ஆங்கில இயற்கை நூலறிஞர், சில மாதங்களுக்குப் பின் மலாக்கா வழியாக இம்மலை ஏறினார். மலாய்க்காரர் சிலர் துணைக்குச் சென்றனர். காட்டைக் கடந்து, 'பாடாங் பத்து' எனப்படும் பாறைவெளியை அடைந்தபோது அனைவருக்கும் நாவறட்சி. கையில் தண்ணீர் இல்லை, பாறையிலும் இல்லை. ஆனால் பாறை இடுக்குகளில் குடுவைச் செடிகள் செழித்துக் கிடந்தன. இலைநுனியே மூடியுடன் கூடிய கெண்டியாக மாறித் தொங்கும் செடி அது. மலாய்க்காரர் 'பெரியூக் கெரா' என்பர். குரங்குப் பானை என்று பொருள். ஒவ்வொரு குடுவையிலும் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீர் இருந்தது. அந்த நீர் முழுதும் பூச்சிகள். பார்க்கவே அருவருப்பாக இருந்தாலும், சுவைத்துப் பார்த்தபோது குடிக்கத் தக்கதாகவே இருந்ததாம்; சற்று வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எல்லோரும் குடித்துத் தாகம் தணிந்தனர். 1869-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலாய்த் தீவுக் கூட்டம்' என்னும் தம் நூலில் வாலேஸ் இதனை எழுதியிருக்கிறார்.

பூச்சிகள் என்ற ஒரு சொல்லோடு அவர் அதை விட்டுவிட்டார். பறவைகளையும் வண்ணத்துப் பூச்சிகளையும் வண்டுகளையும் இனம் இனமாகப் பிரித்துப் பெயர் சூட்டிய அப்பேரறிஞருக்கு, குடுவை நீரில் நெளிந்தவை தாகத்திற்கு ஓர் இடையூறு மட்டுமே. அதே பயணத்தில் மலாக்காவில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மருத்துவர் சொற்படி கொயினாவை மிகுதியாக உண்டு தேறினார். புழு நெளிந்த நீரைக் குடித்ததால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. காய்ச்சலைத் தந்தது எது என்று அவருக்கோ அவருடைய மருத்துவருக்கோ தெரியாது. உலகில் எவருக்குமே அன்று தெரியாது.

குடுவை நீரில் உயிர் வாழ்வதை வாலேஸுக்கு முன்பே ஒருவர் வியந்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் அம்போன் தீவில் வாழ்ந்து, கண்ணொளி இழந்த பின்னும் செடிகொடிகளைப் பற்றி எழுதிய ரும்பியஸ் என்பவரே அவர். குடுவைக்குள் விழும் பூச்சிகள் எல்லாம் மடிகின்றன. ஆனால் கூன்முதுகு கொண்ட, இறால் போன்ற சிற்றுயிர் ஒன்று மட்டும் அதில் உயிரோடு இருக்கிறது என்று அவர் குறித்தார். எல்லாவற்றையும் கொன்று செரிக்கும் வயிற்றுக்குள் ஒன்று மட்டும் எப்படி வாழும்? அந்தக் கேள்விக்கு விடை தேட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1908-ஆம் ஆண்டில் லெஸ்டர் என்ற மருத்துவர் மலாயாவின் கொசுக்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1928-இல் செட்ரிக் டோவரும் வேறு சில அறிஞரும் சிங்கப்பூர்த் தீவின் குடுவைச் செடிகளில் வாழும் உயிர்களை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். டோவர் கல்கத்தாவில் பிறந்த ஆங்கில இந்தியர். பூச்சி ஆராய்ச்சியில் தொடங்கியவர், பிற்காலத்தில் மனித இனங்களைக் கலப்பு என்றும் தூய்மை என்றும் பிரிப்பதன் பொய்ம்மையைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றார் என்பது இங்கே நினைக்கத்தக்க செய்தி. 1932-இல் ஜெர்மானிய அறிஞர் தீனமன், ஜாவாவிலும் சுமத்திராவிலும் தாம் திரட்டியவற்றைக் கொண்டு குடுவை உயிர்களை மூவகையாகப் பிரித்தார். தவறி விழுந்தவை ஒரு வகை. வேறிடத்தும் வாழும், இங்கும் வாழும் என்பவை மற்றொரு வகை. குடுவையைத் தவிர வேறெங்கும் வாழ இயலாதவை மூன்றாம் வகை.

இந்த மூன்றாம் வகைதான் வியப்பிற்குரியது. கொசுவின் இளம்புழுவை நம் சிற்றூர்களில் 'கூத்தாடி' என்பர். தண்ணீரில் அது நெளிந்து ஆடுவதைப் பார்த்தவருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். குடுவைக்கென்றே பிறந்த கூத்தாடிகள் பல உண்டு. அவற்றில் சில, மற்றக் கூத்தாடிகளையே தின்று வளர்கின்றன. அவை வளர்ந்து பெருங்கொசுவாகப் பறந்த பின் எவரையும் கடிப்பதில்லை. பூந்தேனே அவற்றின் உணவு. கொசுவாகப் பிறந்தும் குருதி உண்ணா நோன்பு நோற்பவை! குடுவையின் வாயிலில் ஒரு சிலந்தி குடியிருக்கிறது. ஆபத்து வந்தால் காற்றுக்குமிழி ஒன்றைப் பற்றிக்கொண்டு நீருக்குள் குதித்து மறைகிறது. ஈயின் புழுக்களும், நுண்ணிய உண்ணிகளும் வேறு. கையளவு நீருக்குள் தின்பவை, தின்னப்படுபவை, எச்சத்தை உண்பவை என ஓர் ஊரே இருக்கிறது. பீவர் என்ற அறிஞர் 1970-களிலும் 1980-களிலும் மேற்கு மலேசியக் குடுவைகளை இலங்கை, மடகாஸ்கர், செஷல்ஸ் தீவுக் குடுவைகளோடு ஒப்பிட்டு, மலேசியாவில் இந்த ஊர் பெரிது, மற்ற இடங்களில் சிறிது என்று காட்டினார். செடி எங்கே நெடுங்காலமாகப் பல இனங்களாய்ப் பெருகி வாழ்ந்ததோ, அங்கே அதன் குடிகளும் மிகுதி.

ஆக, 'பூச்சி நீர்' என்று ஒன்று இல்லை. இன்ன நீரில் இன்ன உயிர் என்பதே இயற்கை. தமிழ் ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் விளக்கம், கருப்பொருள்களை எண்ணும்போது நீரையும் ஒன்றாக எண்ணுகிறது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் காட்டாறு, மருதத்துக்கு மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு உவர்க்கழி. புள்ளும் விலங்கும் மரமும் போல நீரும் நிலத்துக்கு நிலம் வேறு என்பது நம் இலக்கணத்தார் கண்ட பாகுபாடு. இதைக் கொண்டு மலேரியாவின் மருமத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று சொல்ல வருகிறேன் என எவரும் எண்ண வேண்டா. அப்படிச் சொல்வது வீண்பெருமை. நான் சொல்ல வருவது வேறு. இந்நாட்டின் காய்ச்சல் மருத்துவர்கள், பல உயிர்களைப் பறிகொடுத்து முட்டி மோதி இறுதியில் வந்து சேர்ந்த இடம், நிலத்தையும் நீரையும் உயிரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இத்தகைய பாகுபாடுதான்.

1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். காய்ச்சல் கெட்ட காற்றால் வருவதன்று என்பது தெளிவாகத் தொடங்கியது. நான்கே ஆண்டில், 1901-இல், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் காய்ச்சல் தலைவிரித்தாடியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார். காய்ச்சல் அடங்கியது. கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் இதே கதை. அங்கே நோய்க்குக் காரணமென்று அவர் கண்டது அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. அம்புரோசஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு நிழல் மிக்கது என்று பொருள். காட்டு நிழலில், கருத்துக் கிடக்கும் சதுப்பு நீரில் வளர்வது அது. மரத்தை வெட்டி வெயில் விழச் செய்தால் ஒழிந்தது.

இவ்வெற்றியால் ஒரு விதி பிறந்தது: காட்டை அழி, நீரை வடி, காய்ச்சல் போகும். பின்னர் மலைச்சரிவுகளில் ரப்பர்த் தோட்டங்கள் திறக்கப்பட்டன. மேட்டு நிலம், குளிர்காற்று, பளிங்கு போன்ற ஓடை. இதைவிட உடல்நலத்துக்கு ஏற்ற இடம் வேறுண்டோ என்றுதான் எல்லோரும் எண்ணினர். குடிதண்ணீர் அருகில் இருக்கட்டுமென்று ஓடையோரத்திலேயே தொழிலாளர் லயங்களைக் கட்டினார்கள். விதிப்படி காட்டை அழித்தார்கள். பள்ளத்தாக்குகளில் வாய்க்கால் வெட்டினார்கள். காய்ச்சல் போகவில்லை. ஆண்டுகள் சென்றும் போகவில்லை. புதிதாக வந்த ஆட்கள் சில மாதங்களிலேயே எலும்பும் தோலுமாயினர்.

அக்காலத்தில் காரணம் கூறியோர் பலர். சென்னை மாகாணத்தின் பஞ்சப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள் என்றனர் சிலர். உணவு போதாது என்றனர் சிலர். இதில் உண்மையும் உண்டு. கூலிகளின் பழக்கவழக்கங்களைக் குறை கூறியோர் வேறு. இக்காரணங்கள் எல்லாவற்றிலும் பழி தொழிலாளன் உடம்பிலேயே வந்து விழுவதை வாசகர் கவனிக்க வேண்டும். வாட்சன் உடம்பைப் பார்த்ததோடு நில்லாமல் நீரையும் போய்ப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்த முறையையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் காய்ச்சல் எவ்வளவு என்று அறியக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். மலேரியா மீண்டும் மீண்டும் கண்டால் மண்ணீரல் வீங்கி, இடப்புற விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும். நம் பாட்டிமார் வயிற்றுக்கட்டி என்றது அதையே. நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்குக் கட்டி என்ற கணக்கே அத்தோட்டத்தின் நோய்க்கணக்கு. லயத்து வாசலில் வரிசையாக நிறுத்தப்பட்ட அந்தச் சிறுவர் சிறுமியரின் பெயர்கள் நூல்களில் இல்லை. எண்கள் மட்டும் உள்ளன. வெப்பமண்டல மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற ஒரு கண்டுபிடிப்பு அந்த எண்களின் மேல் நிற்கிறது.

ஓடைக்கரையில் வாட்சன் கண்டது வேறொரு கொசுவின் கூத்தாடிகள். மாக்குலேட்டஸ், அதாவது புள்ளியுடையது, என்பது இன்று அதற்கு வழங்கும் பெயர். இதன் இயல்பு அம்புரோசஸின் இயல்புக்கு நேர்மாறு. கலங்கல் நீர் இதற்கு ஆகாது. தெளிந்த நீர் வேண்டும். நிழல் ஆகாது, வெயில் வேண்டும். அடர்காட்டின் இருளில் ஓடும்வரை ஓடை தீங்கற்றது. காடு வெட்டப்பட்டு, ஓடையின் மேல் கதிரவன் விழுந்து, கரையில் புல் முளைத்ததும், புல்லின் அடியில் இக்கொசு முட்டையிடுகிறது. சரிவிலிருந்து கசியும் ஊற்றுநீர் ஒரு காலடித் தடத்தில் தேங்கினாலும் போதும். நோயைப் போக்க வெட்டிய வாய்க்கால்களே நோயின் தொட்டில்களாயின. விதி சரியாகவே பின்பற்றப்பட்டது, நீர்தான் வேறு.

அனோபிலிஸ் கூத்தாடியை இனம் காண்பது கடினமன்று. நம் வீட்டுத் தொட்டியில் காணும் சாதாரணக் கூத்தாடி, தலைகீழாகத் தொங்கி, வாலிலுள்ள குழலை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சுவிடும். அனோபிலிஸுக்கு அக்குழல் இல்லை. ஆதலால் நீர்மட்டத்தோடு மட்டமாக, துரும்பு மிதப்பதுபோல் படுத்திருக்கும். ஆனால் அனோபிலிஸ் பலவற்றுள் இன்னது என்று காண, மயிர்க்கால்களை எண்ணும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையே எத்தனையோ உயிர்களைக் காத்தது.

வாட்சனின் நூல் 1911-இல் வெளிவந்தது. ஜொகூரின் வரலாற்றில் அது முக்கியமான காலம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-இல் முடிந்தது. 1910-இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரங்களின் மேடும் பள்ளமுமான காடுகளுக்குள் தோட்டங்கள் புகுந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட, கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள்திரட்டும் முறை மேலோங்கியது. 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நீடித்தது. மலைநீரைப் பற்றிய புதிய அறிவும், மலைநீருக்குள் மக்களைக் கொண்டுசென்ற புதிய பாதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. அறிவு அச்சில் இருந்தது. ஆட்கள் வண்டியில் வந்துகொண்டிருந்தனர். இரண்டும் சந்திப்பதற்குப் பணம் வேண்டியிருந்தது.

ஏனெனில் பரிகாரம் மலிவானதன்று. பள்ளத்தாக்கின் அடியில் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து, ஓடையையே நிலத்துக்குள் மறைத்துவிடுவது ஒரு முறை. மேலே நீரே தெரியாவிட்டால் கொசு எங்கே முட்டையிடும்? முதலில் செலவு மிகுதி. பின்னர் நீண்டகாலப் பயன். ரப்பர் விலை விழும்போதெல்லாம் இத்தகைய செலவு தள்ளிப்போடப்படுவது இயல்புதானே. எண்ணெய் தெளிப்பது மற்றொரு முறை. முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே வாரந்தோறும் ஓடைக்கரை முழுவதும் எண்ணெய் தெளித்தால், கூத்தாடிகள் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு வாரம் தவறினால் பட்ட பாடு வீண். எண்ணெய்க் கலத்தை முதுகில் சுமந்து, பள்ளம் பள்ளமாக இறங்கி, புல் மூடிய ஒவ்வொரு கசிவையும் தேடித் தெளித்தவர்களும் தோட்டத் தொழிலாளர்களே. தோட்டத்துக் கசிவுகள் அனைத்தையும் நெட்டுருவாக அறிந்தவர்கள் அவர்கள். அவர்களை எந்த அறிஞர் பட்டியலிலும் காண முடியாது. ஆனால் மாக்குலேட்டஸின் இருப்பிடத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நிழலைத் திருப்பிக் கொடுப்பது மூன்றாவது முறை. வெயிலால் வந்தது நிழலால் போகும் என்ற எளிய கணக்கு. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் மினிமஸ் என்ற வேறொரு ஓடைக் கொசுவுக்கு எதிராக, ஓடையின் இருகரையிலும் அடர்ந்த செடிகளை நட்டு மூடி நல்ல பயன் கண்டனர். கிள்ளானில் காட்டை வெட்டியதும் மருத்துவம். அஸ்ஸாமில் செடியை நட்டதும் மருத்துவம்.

ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையில் எண்ணெய் இல்லை, கொயினா இல்லை, வாய்க்கால்களைப் பேணுவார் இல்லை. அடங்கியிருந்த காய்ச்சல் மீண்டும் எழுந்தது. மலைநீர் தன் குடிகளை மறப்பதில்லை.

அந்தக் காலத்தில்தான், 1944-இல், கொசு நூலில் ஒரு புதுப் பெயர் சேர்ந்தது. அம்புரோசஸ் என்று அதுவரை ஒன்றாக எண்ணப்பட்டவற்றுள் ஓரினத்தைப் பிரித்துத் தனிப்பெயர் சூட்டியவர் ஏ. ஏ. சந்தோஷம். 'மலேரியாவியல்: மலாயாவைச் சிறப்பாகக் கொண்டு' என்ற பொருள்படும் ஆங்கில நூலை 1959-இல் வெளியிட்ட பேராசிரியரும் இவரே. அவர் சூட்டிய பெயர் லெட்டிபர். சாவைச் சுமந்து வருவது என்பது இச்சொல்லின் பொருள். சந்தோஷம் என்னும் பெயருடையவர் சாவு என்று பெயர் வைத்தார்! விளையாட்டாகச் சொல்லவில்லை, ஒரு கொசுவின் விலங்கியற் பெயர் எழுதப்படும் இடமெல்லாம் அதைக் கண்டவரின் பெயரும் உடன் எழுதப்படும். இக்கொசு உள்ளவரை நூல்களில் 'லெட்டிபர் சந்தோஷம்' என்றே நிற்கும்.

பெயரைப் பிரிப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1963-இல் வார்ட்டன், சந்தோஷம் முதலிய ஐவர் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு விடை. அம்புரோசஸ் கூட்டத்துக் கொசுக்களின் சுரப்பிகளில் மலேரியாக் கிருமி நெடுங்காலமாகக் காணப்பட்டு வந்தது. ஆகவே அவை மனிதருக்கு நோய் தருபவை என்று கொள்ளப்பட்டது. ஆராய்ந்து பார்த்தால், அக்கிருமிகளில் பெரும்பகுதி மனிதருடையனவல்ல, சருகுமானுடையனவாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. மலாக்கா நகர் தோன்றிய கதையில் வேட்டைநாயை உதைத்துத் தள்ளியதே அந்தச் சின்னஞ்சிறு மான். அதன் காய்ச்சலுக்காக மனிதர் எத்தனையோ சதுப்புகளில் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். வாட்சனின் கிள்ளான் வெற்றி இதனால் பொய்யாகிவிடவில்லை. அக்கூட்டத்திலேயே லெட்டிபர் மனிதருக்கு நோய் பரப்புவதுதான். ஆனால் எந்த நீரைத் தொட வேண்டும், எந்த நீரைத் தொட வேண்டா என்ற கணக்கு மாறியது. மாக்குலேட்டஸும் தப்பவில்லை. 1980-களில் அதன் நிறப்புரிகளை ஆராய்ந்தபோது, அதுவும் ஒன்றன்று, உருவத்தால் ஒத்த பல இனங்களின் கூட்டம் என்று வெளிப்பட்டது.

1967-இல் மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்தும், குருதியைச் சோதித்து நோயாளியைக் கண்டறிந்தும் நோய் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2018-இல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்ளூரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லயத்து வாசலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க நிறுத்தப்பட்ட குழந்தைகளின் பேரப்பிள்ளைகளுக்கு வயிற்றுக்கட்டி என்ற சொல்லே தெரியாது.

ஆயினும் இக்கதையில் காட்டு நிழலின் பங்கு முடியவில்லை. குரங்குகளிடம் வாழும் நோலெசி என்ற மலேரியாக் கிருமி மனிதரையும் பற்றக்கூடியது என்பதை 1932-இல் கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா இருவரும் காட்டியிருந்தனர். அது ஆய்வுக்கூடத்தில் ஊசியால் செலுத்தியபோது கண்டது. இயற்கையில் நேராது என்றே பலரும் எண்ணினர். 1965-இல் பகாங் காட்டில் இரவுகளைக் கழித்த ஓர் அமெரிக்கருக்கு அது கண்டது. அடுத்து, 1971-இல், அத்தகைய நோயாளி என்று கருதத்தக்க ஒருவரைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. அவர் ஜொகூரைச் சேர்ந்தவர். 2004-இல் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு இக்காய்ச்சல் இருப்பதைப் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் வெளியிட்ட பின்னரே உலகம் இதனைக் கவனித்தது. இன்று மலேசியாவில் உள்ளூரில் தோன்றும் மலேரியா இதுவே.

இதைப் பரப்பும் கொசுக்கள் லியூகோஸ்பைரஸ் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவை. வெயில் விழும் ஓடைகள் அவற்றுக்கு வேண்டா. எண்ணெய் தெளிப்பவர் நடந்த கரைகளில் அவை இல்லை. காட்டு மரங்களின் நிழலில், மழை பெய்து ஓய்ந்தபின் விலங்குகளின் குளம்புத் தடங்களிலும் மண்சாலையின் சக்கரத் தடங்களிலும் தேங்கி நிற்கும் சிறுநீர்க்குட்டைகளில் அவற்றின் கூத்தாடிகள் மட்டமாகப் படுத்திருக்கின்றன.